பழைய பென்ஸ் டபிள்யூ210: சூடானதும் இரண்டாவது கியரிலேயே நிற்கிறது

பழைய_ஈகிளாஸ்:
2001 மாடல் மெர்சிடிஸ் ஈ-கிளாஸ், 722.6 ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், 1,80,000 கி.மீ. ஓடியது. காலையில் எடுத்தால் ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடானதும் கியர் மாறுவதே நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி அணைத்து மறுபடி கிளப்பினால் இரண்டாவது கியரும் ரிவர்ஸும் மட்டும்தான். ஆறவிட்டு எடுத்தால் பழையபடி சரி. ஸ்கேனர் ‘என்3 வேக சென்சார், சிக்னல் இல்லை’ என்கிறது. இது போக, 70-80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது கரடுமுரடான ரோட்டில் ஓடுவது போல ஒரு நடுக்கம். கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம்?

வால்வுபாடி:
இப்போதைக்கு இறக்க வேண்டாம். இரண்டாவது கியரில் பூட்டிக்கொள்வது பாதுகாப்பு முறை. கியர் கம்ப்யூட்டருக்கு நம்பும்படியான சிக்னல் வராவிட்டால் கியரை மாற்றும் மின் வால்வுகளான சோலனாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். பிறகு ஹைட்ராலிக் அமைப்பு தானாகத் தருவது இரண்டாவதும் ரிவர்ஸும் மட்டுமே. கிளட்ச் தேய்ந்திருந்தால் குளிர்ந்ததும் இவ்வளவு சுத்தமாகச் சரியாகாது.

முதலில் கியர்பெட்டியின் வலது பக்கம் உள்ள வட்டமான 13 பின் கனெக்டரைப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் புஷ்ஷில் இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உண்டு. வயதானால் இறுகி ஆயிலைக் கசிய விடும். கீழே சொட்டினால்கூடப் பரவாயில்லை. வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மேலே ஏறி கம்ப்யூட்டர் வரை போய்விடும். அதனால் கியர் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் கழற்றி, பின்களை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சிவப்புக் கறை தெரிந்தால் எலக்ட்ரானிக் கிளீனரால் கழுவுங்கள். வயருக்குள் தங்கியது இன்னும் சில நாள் கசியும், திரும்பவும் துடைக்க வேண்டிவரும். புஷ்ஷின் பார்ட் நம்பர் ஏ 203 540 02 53. இதைவிடச் சின்னச் செலவு இந்தப் பெட்டியில் கிடையாது.

அடுத்து கண்டக்டர் பிளேட், அதாவது வால்வு பாடி (ஆயிலைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் பாகம்) மேல் இருக்கும் மின் இணைப்புத் தட்டு. பெட்டிக்குள் சுழலும் வேகத்தை அளக்கும் என்2, என்3 சென்சார்கள் தனியாகக் கிடைக்காது, பிளேட்டோடு வார்க்கப்பட்டவை. இந்த ஹால் (காந்தப்புல) சென்சார்கள் சூட்டில் செத்து ஆறினால் உயிர்பெறுவது இந்தப் பெட்டிக்கே உரிய வியாதி. உறுதி செய்ய லைவ் டேட்டாவைத் திறந்துகொண்டு ஓட்டுங்கள், ஸ்கேனரை இன்னொருவர் பார்க்கட்டும். 2, 3, 4ஆம் கியர்களில் என்2, என்3 இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 1, 5, ரிவர்ஸ் இவற்றில் ஒன்று பூஜ்யமாக இருப்பது இயல்பு, முன் சன் கியர் (நடுப் பல்சக்கரம்) அப்போது நிற்கிறது. மூன்றாவதில் போகும்போது ஒன்று மட்டும் துள்ளி விழுந்தால் பிளேட்தான். பி (பார்க்), என் (நியூட்ரல்) நிலைகளில் ஆயில் வெப்பநிலை தவறாகத் தெரியும், பயப்படாதீர்கள். அந்த சென்சார் ஸ்டார்ட்டர் தடுப்பு ஸ்விட்சோடு தொடராக இணைந்திருப்பதால் டி போட்டால்தான் சரியான எண் வரும்.

லாக்அப்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த நடுக்கத்தை யாரும் தொடவில்லை. பிளேட் மாற்றினால் அது போகாது. அது கன்வெர்ட்டர் லாக்அப் கிளட்ச். எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது கன்வெர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பூட்டுவது இந்தக் கிளட்ச். ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் நடுக்கம் நின்றால் சந்தேகமே வேண்டாம். பழைய ஏடிஎஃப் ஒரு காரணம். பயப்பட வேண்டியது இன்னொன்று: ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டு கூலன்ட் ஏடிஎஃப்பில் கலப்பது. கூலன்ட்டில் உள்ள கிளைகால் கிளட்சின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையையே அரித்துவிடும். கொஞ்சமாகக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. பால் நிறம் வரும்வரை காத்திருந்தால் பெட்டி போச்சு. ஆயில் சாம்பிளைக் கிளைகால் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற பார்ட்ஸ் வாங்க வேண்டும். கலந்திருந்தால் முதலில் ரேடியேட்டர், பிறகு கன்வெர்ட்டர் உட்பட முழு ஃப்ளஷ்.

பழைய_ஈகிளாஸ்:
கம்ப்யூட்டர் சாக்கெட்டில் சிவப்புக் கறை இருக்கிறது! சாம்பிளையும் அனுப்புகிறேன். பிளேட்டை நானே மாற்றலாமா? புதிதாக கோடிங் செய்ய வேண்டுமா? டிப்ஸ்டிக்கே இல்லாமல் அளவு எப்படிப் பார்ப்பது?

வால்வுபாடி:
கோடிங் தேவையில்லை. இதற்கு அடுத்து வந்த 722.9இல் கம்ப்யூட்டர் பிளேட் மேலேயே இருப்பதால் அங்கே வேண்டும், உங்களுடையதில் தனி.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆயிலை வடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து வைக்க மறக்காதீர்கள். கனெக்டரின் பூட்டைத் திருப்பி உருவி, உள்ளே இருக்கும் 7 மி.மீ. போல்ட்டைக் கழற்றி புஷ்ஷை முழுதாக வெளியே இழுத்த பிறகுதான் வால்வு பாடியை இறக்க வேண்டும். மறந்து இறக்கினால் பிளேட்டின் கழுத்து உடையும். பான், ஃபில்டர், பிறகு டி30 டார்க்ஸ் போல்ட்டுகள் பத்து. வால்வு பாடி கனமாக இருக்கும், ஆயிலும் கொட்டும், கைக்குக் கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் சோலனாய்டுகள் ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். பஞ்சு விடும் துணி பக்கத்தில் வரவே கூடாது.

திரும்ப ஏற்றும்போது செலக்டர் வால்வின் பள்ளத்தில் லிவரின் முளை உட்கார்ந்ததா என்று பாருங்கள். இதில் தவறினால் கியர் லிவர் ஆடும், கியர் விழாது. வால்வு பாடி, பான் போல்ட்டுகளுக்கு 8 என்எம் (நியூட்டன் மீட்டர்) இறுக்கம் போதும், அலுமினியம் என்பதை மறந்து இறுக்காதீர்கள். புது ஓ-ரிங்குகளில் ஏடிஎஃப் தடவிச் செருகுங்கள்.

டிப்ஸ்டிக் குழாய் இருக்கிறது, குச்சிதான் இல்லை. பணிமனைக் குச்சி தனியாகக் கிடைக்கும். சமதரையில், எஞ்சின் ஓட, பி நிலையில், ஆயில் 80 டிகிரி வந்ததும் குச்சியில் 80 டிகிரிக்கான கோடுகளுக்குள் இருக்க வேண்டும். அதிகம் ஊற்றினால் நுரைக்கும், குறைந்தால் வழுக்கும், இரண்டும் கெடுதல்தான்.

லாக்அப்:
பான் மட்டும் இறக்கினால் நான்கு லிட்டர் சுமாருக்குத்தான் வரும், பாதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். கன்வெர்ட்டரில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறங்கள். எல்லா வண்டியிலும் கிடையாது. இல்லையென்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்சம் ஓட்டிய பின் ஆயிலை மட்டும் இன்னொரு முறை மாற்றுங்கள். மெர்சிடிஸின் எம்பி 236.14 சான்று டப்பா மேல் அச்சிட்டிருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும்’ என்ற ஏடிஎஃப்பை வாங்காதீர்கள். சாம்பிளில் கிளைகால் இல்லை என்று வந்தால், லாக்அப் நடுக்கம் இரண்டாவது மாற்றத்துக்குள் குறைய நல்ல வாய்ப்பு உண்டு. அப்போதும் மாறாமல் இருந்தால் கன்வெர்ட்டரைத்தான் பேச வேண்டும்.