தவறைச் சுட்டிக்காட்டினால் சிரிக்கிறார், இது திமிரா?

முகில்:
எங்கள் குழுவில் ஜப்பானைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். வீடியோ கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் வேலையில் உள்ள தவறைச் சொன்னால் மெல்லச் சிரிக்கிறார். மேலாளர் அதைத் திமிர் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகபாவம் உலகம் முழுக்க ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா?

கயல்:
ஒன்றுதான். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களைக் காட்டிச் சோதித்திருக்கிறார். வெளியுலகத்தோடு அதிகம் பழகாத அவர்களே கோபம், மகிழ்ச்சி, வருத்தம் எல்லாம் அடையாளம் கண்டார்கள்.

தேன்சிட்டு:
கயல், அதே ஆய்வில் பயத்தையும் ஆச்சரியத்தையும் அவர்களால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உளவியலாளர் கார்லோஸ் கிரிவெல்லியின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியம். கண்ணை அகல விரித்து வாய் திறந்த முகத்தை ஸ்பெயின் இளைஞர்கள் பயம் என்றார்கள். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவு இளைஞர்களில் பலர் அதை மிரட்டும் முகம் என்றார்கள்.

முகில், நான் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர். உங்கள் மேலாளர் செய்வதை அங்கே அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. பெரிய நோய் என்று சொன்னதும் ஒரு அம்மா சிரித்தார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மருத்துவர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். அவருக்கோ முதல் தடவையே எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்து அவர் கேட்டது, பிள்ளைகளிடம் யார் சொல்வது என்றுதான்.

ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு அறுவைசிகிச்சை போன்ற கொடூரக் காட்சிகளைக் காட்டிய ஒரு பழைய ஆய்வு உண்டு, 1972இல் வந்தது. தனியாகப் பார்த்தபோது இரு தரப்பு முகமும் ஏறக்குறைய ஒன்றாகவே சுளித்தது. ஆய்வாளர் உடன் இருந்தபோது ஜப்பானியர்கள் அதைப் புன்னகையால் மறைத்தார்கள். அந்த ஆய்வின் மேல் விமர்சனமும் உண்டு. ஆனாலும் எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து முகம் மாறும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால், அவர் சிரிப்பதைவிட, எல்லோர் முன்னாலும் சொன்னபோது சிரிக்கிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்வேன். அந்தச் சங்கடத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் செய்கிறாரோ என்னவோ.

கயல்:
அப்படியென்றால் ஜப்பானியர் சிரித்தாலே சங்கடம் என்று எடுத்துக்கொள்வதா?

தேன்சிட்டு:
வேண்டவே வேண்டாம், அது இன்னொரு முத்திரை. நாட்டை வைத்து ஒரு ஆளைப் படிக்க முடியாது. முகில், கூட்டத்தில் சொல்லாமல் தனியாக எழுதி அனுப்புங்கள். அவர் திருத்துகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

முகில்:
போன முறை சொன்னதை அன்று இரவே திருத்தி அனுப்பிவிட்டார். சரி, மேலாளரிடம் முதலில் இதைச் சொல்கிறேன்.