அம்மாவோடு ஒரு நாள் நடை: செஸ் பள்ளத்தாக்கு சரிவருமா?

ஹரோ மகள்

வணக்கம். நாங்கள் லண்டன் ஹரோவில இருக்கிறம், கார் இல்லை. அம்மாவுக்கு 68 வயது, யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிக்கிறா. சமதரையில ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆறுதலா நடப்பா. ஆனால் இறக்கத்தில வலது முழங்கால் நோகும். நாலு வயதுப் பிள்ளையும் வருவான். ஆறு, புல்வெளி, சின்னச் சின்னக் குன்றுகள், இப்படியொரு இடத்துக்கு ரெயினில போய் இருட்ட முதல் திரும்பவேணும். லண்டனுக்கு வடமேற்கில இருக்கிற செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு நல்லது எண்டு கேள்விப்பட்டன். எங்க இறங்கி எங்க முடிக்கிறது? தள்ளுவண்டி போகுமா? ஏப்ரல் முதல் கிழமை போக யோசிக்கிறம்.

வன்னியூரான்

தங்கச்சி, ஹரோவில இருந்து இதைவிடச் சுகமான இடம் கிடைக்காது. ஹரோ ஒன் த ஹில் நிலையத்தில மெற்றோபொலிரன் லைன் ரியூப் வண்டி (லண்டன் சுரங்க ரெயின்) ஏறினால் மாறாமலே செஷம் போகலாம். முகப்பில 'செஷம்' எண்டு போட்ட வண்டியா எண்டு மட்டும் பாருங்கோ. வற்போட், அக்ஸ்பிரிட்ஜ், அமர்ஷம் வண்டிகளும் அதே நிலையத்தால போகும். செஷம் வண்டி அரைமணிக்கு ஒன்றுதான். அது 9ஆம் கட்டண வலயம், ஒயிஸ்டர் (லண்டன் பயண) அட்டை செல்லும்.

செஸ் பள்ளத்தாக்கு நடைபாதை முழுவதும் செஷத்தில இருந்து ரிக்மன்ஸ்வேர்த் வரைக்கும் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். உங்களுக்கு அவ்வளவும் வேண்டாம். செஷத்தில தொடங்கி லற்றிமர் கிராமம் வரை ஆற்றுப்பக்கமா வந்து, அங்கிருந்து காட்டுக்குள்ளால ஏறி சல்பொன்ட் அன்ட் லற்றிமர் நிலையத்தில முடியுங்கோ. எல்லாமாக ஏறக்குறைய 8 கிலோமீட்டர். லண்டன் ரியூப் முழுவதிலும் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடையில ஆகக் கூடிய தூரம் இந்த இரண்டுக்கும் இடையிலதான் (6.26 கிமீ). வண்டி ஒன்பது, பத்து நிமிசத்தில தாண்டுகிற அதே துண்டைத்தான் நீங்கள் பிள்ளையோட நடக்கப் போறியள்.

திசை முக்கியம். பலர் சல்பொன்ட்டில இறங்கித் தொடங்குவினம், எடுத்த உடனே இறக்கம் எண்டதால. அம்மாவின் முழங்காலுக்கு அது கூடாது. செஷத்தில தொடங்கினால் ஆற்றோட்டத்தின் திசையிலேயே போவியள். நீண்ட ஏற்றம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள்ள. ஏற்றத்தில மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். இறக்கத்தில நின்றாலும் முழங்காலின் பாரம் குறையாது.

நேரத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் எண்டு கணக்குப் போடுங்கோ. 4 வயதுப் பிள்ளை நிற்கிற நிலைகளையும் சாப்பாட்டையும் சேர்த்தால் நாலு மணித்தியாலம். காலை பத்தரைக்குச் செஷத்தில கால் வைத்தால் மூன்று மணிக்கு முன் நிலையத்தில நிற்பியள். ஏப்ரலில ஏழரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இதையே டிசெம்பரில செய்தால் நாலு மணிக்கு இருட்டு.

தள்ளுவண்டி வேண்டாம். வழியில அரைவட்டக் கூண்டுக்குள்ள ஆடுகிற கதவுகள் இருக்கு, ஆள் ஒருவர் மட்டும் நுழையலாம். ஊரில வேலிக்குக் கடப்பு வைப்பமே, மாடு போகாமல் மனுசர் போக, அதே யோசனைதான். பிள்ளையை முதுகில சுமக்கிற பை இருந்தால் எடுங்கோ.

கோவைக்காரன்

மேலே சொன்ன வழி சரி. ஆனால் ஏப்ரல் முதல் வாரம் என்பதைக் கவனியுங்கள். இது சுண்ணாம்புப் பாறை நிலம். குளிர்கால மழை பாறைக்குள் மெல்ல இறங்கி, நிலத்தடி நீர்மட்டம் வசந்தத்தின் தொடக்கத்தில்தான் உச்சத்துக்கு வரும். அதனால் இரண்டு வாரம் மழையே இல்லாவிட்டாலும் மார்ச், ஏப்ரலில் ஆற்றோரப் புல்வெளி ஊறிக் கிடக்கும். வானிலைச் செயலியில் சூரியனைப் பார்த்துவிட்டுத் துணிக் காலணியோடு போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கோடை முடிவில் இதற்கு நேர்மாறு: வறட்சி ஆண்டுகளில் செஷம் பக்கத்து மேல்பகுதி வற்றியே போவதுண்டு.

குன்றின் மேலே காய்ந்திருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். இந்தப் பகுதியின் சில்டர்ன் குன்றுகளின் தலையில் சக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்த்தியிருக்கிறது. சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடும். களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சல்பொன்ட் நிலையத்துக்கு ஏறும் காட்டிலும் வழுக்கும். கணுக்கால் மறைக்கும், அடியில் ஆழமான வெட்டு உள்ள காலணி அம்மாவுக்கு அவசியம். சேலை கட்டுபவர் என்றால் அன்று ஒரு நாள் சல்வாரோ கால்சட்டையோ நல்லது. ஈரமான சேலைக் கரை காலில் சுற்றினால் கதவுகளில் தடுக்கும். இறக்கத்துக்கும் சேற்றுக்கும் ஒரு ஜோடி மடக்குக் கைத்தடி மிகவும் உதவும். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம், இறங்கும்போது அதைவிட 5 செ.மீ. நீளம்.

பாதை அடையாளம்: மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உண்டு. இந்த நடைக்கென்று துள்ளும் மீன் படம் போட்ட தனி அடையாளமும் இருக்கிறது. ஆற்றில் இருக்கும் டிரவுட் மீன்தான் அது. பிள்ளையிடம் மீனைத் தேடச் சொல்லுங்கள், நடையும் நகரும். பிரிட்டன் அரசின் நிலப்பட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் விட்டு விட்டு வரும் பச்சைக் கோடு பொதுவழி. விட்டு விட்டு வரும் கறுப்புக் கோட்டில் தரையில் பாதை இருக்கும், ஆனால் நடக்கும் உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை.

ஹரோ மகள்

இவ்வளவு விபரத்துக்கு நன்றி அண்ணை, நன்றி சார். இன்னும் இரண்டு கேள்வி. நடுவழியில அம்மா களைச்சுப் போனால் என்ன செய்யிறது? மற்றது, ஆற்றில வளருகிற வாட்டர்கிரெஸ் கீரையைப் பிடுங்கிச் சுண்டலாமா எண்டு அம்மா இப்பவே கேக்கிறா.

வன்னியூரான்

லற்றிமரில கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. செஷம் நகரத்தில எல்லாம் முடிச்சு, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலும் நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கோ. களைப்பு விசயத்துக்குப் பதில்: முடிவை லற்றிமரில எடுக்கக் கூடாது. அங்கே ஆறு கிலோமீட்டர் முடிஞ்சிருக்கும், திரும்பிப் போறதைவிட ஏறிப் போறதுதான் கிட்ட. ஊர் முடிந்து வயல் தொடங்கி அரைமணி நடந்த இடத்தில நின்று அம்மாவைக் கேளுங்கோ. முகம் வாடியிருந்தால் வந்த வழியே செஷத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் சமதரைதான், அதுவே ஒரு நிறைவான நடை. செஷம் வாடகைக் கார் இலக்கம் ஒன்றையும் முன்கூட்டியே எழுதி வையுங்கோ, பள்ளத்தாக்குக்குள்ள தொலைபேசி அலை விட்டு விட்டுத்தான் வரும்.

லற்றிமர் புல்திடலில கட்டாயம் இருந்து சாப்பிடுங்கோ. போவர் போர் (தென்னாபிரிக்காவில பிரித்தானியரும் போவர்களும் பிடிச்ச சண்டை) நினைவுத்தூணுக்குப் பக்கத்தில ஒரு குதிரையின் இதயத்தைப் புதைத்த மேடு இருக்கு. 1900இல அந்தப் போரின் போஷோவ் சண்டையில போவர் பக்கம் நின்று இறந்த பிரெஞ்சுத் தளபதி வில்புவா மரோயின் குதிரை அது. காயத்தோட பிடிபட்டு இங்கிலாந்துக்கு வந்து 1911இல செத்தது. பிள்ளைகள் அதில நிறையக் கேள்வி கேட்பினம்.

மருதநிலா

கீரைக்குப் பதில்: வேண்டாம் அக்கா. ஆடு மாடு மேயுற நிலத்துக்குக் கீழே ஓடுற தண்ணியில வளர்ற வாட்டர்கிரெஸ்ஸில் ஈரல் தட்டைப்புழுவின் இளம்புழுக் கூடு ஒட்டியிருக்கலாம். கழுவினா போகாது. நன்றாக வேகவைத்தால் சாகும், ஆனால் சுண்டலில் அரைவேக்காடாகத்தான் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கீரைப் பாத்திகள் நிறைய இருந்தன. அங்கே வளர்த்தது நிலத்தடியிலிருந்து வரும் சுத்தமான ஊற்று நீரில். ஆண்டு முழுவதும் 10, 11 பாகை செல்சியஸில் இருக்கும் அந்த ஊற்றுதான் குளிரிலும் கீரையைக் காப்பாற்றியது. அம்மாவுக்கு ஆசை என்றால் கடையில் ஒரு கட்டு வாங்கிச் சுண்டுங்கள்.

மாடுகள் ஏப்ரலில் புல்வெளிக்கு விடப்படத் தொடங்கும். கன்று கூட இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். இளங்காளைகள் கூட்டமாகப் பின்னால் வந்தால் அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். ஓடினால் அவையும் ஓடும். திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

உயரப் புல்லில் உண்ணி இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள், அன்று இரவு பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் மூன்றையும் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிளம்பும் முன் அந்த வார இறுதியில் மெட்ரோபாலிட்டன் லைன் பராமரிப்புக்கு மூடியிருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை இரவே பாருங்கள். மூடினால் சில்டர்ன் என்ற வேறு நிறுவனத்தின் ரயில் ஹரோவிலிருந்து சல்பொன்ட்டுக்கு ஓடினாலும் செஷத்துக்குப் போகாது. அப்போது தலைகீழாக நடக்க நேரும், அம்மாவின் முழங்காலுக்கு அந்த இறக்கம்தான் முதலில் வரும். நாளை மாற்றிக்கொள்வதே நல்லது.