பன்றிக்கொழுப்பு இல்லாமல் டோஸ்டாடா உண்டா?

நெய்தல்:
டோஸ்டாடாவை வீட்டில் சைவமாகச் செய்வதற்கான குறிப்புகள் பலவற்றைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன். டோஸ்டாடா என்பது மெக்சிகோவின் மொறுமொறுப்பான மக்காச்சோள டோர்ட்டியா, அதாவது மெல்லிய ரொட்டி; அதன் மேல் தடவும் பீன்ஸ் மசியலை மெக்சிகோ வீடுகளில் காலங்காலமாகப் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். அந்நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் செய்யும் த்லாயுதா என்னும் அகன்ற டோர்ட்டியாவில், கொழுப்பை உருக்கியபின் அடியில் தங்கும் கசண்டைக்கூட விடாமல் பூசுகிறார்கள். அதை நீக்கிவிட்டுச் சூரியகாந்தி எண்ணெயில் வதக்கிய ஒன்றை அதே பெயரால் அழைப்பது முறையன்று.

செம்முல்லை:
பன்றி அந்த மண்ணுக்கு 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்த விலங்கு. மக்காச்சோளமும் பீன்ஸும் மிளகாயும் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அங்கு அன்றாட உணவாக இருந்தன. டோஸ்டாடா என்னும் ஸ்பானியச் சொல்லுக்கே ‘வாட்டியது’ என்றுதான் பொருள். பிறகு எப்படிக் கொழுப்பை உயிராகக் கொள்வது?

நெய்தல்:
அப்படிப் பார்த்தால் நீங்கள் மேலே தூவும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் கொத்தமல்லியும், பிழியும் எலுமிச்சையும் கூட ஸ்பானியரோடு வந்தவைதாமே? அவற்றை வைத்துக்கொண்டு கொழுப்பை மட்டும் வந்தேறி என்று தள்ளுவது நியாயமில்லை. 500 ஆண்டுகள் சேர்ந்து பழகியதும் மரபுதான்.

செம்முல்லை:
இந்தக் கேள்வி நியாயமானது. பழமையை வைத்து வாதிட்டது என் பிழை. ஆனால் இறைச்சியில்லாத டோஸ்டாடா மெக்சிகோவுக்கு உள்ளேயே இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி இனத்தைச் சேர்ந்த நோபாலின் மடல்களை முள் நீக்கி, நறுக்கி வேகவைத்து, தக்காளியும் வெங்காயமும் கலந்து டோஸ்டாடாவின் மேல் வைத்து உண்கிறார்கள். கத்தோலிக்கரின் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது என்பதால், அந்நாள்களுக்கென்றே தனிச் சமையல் வளர்ந்த நாடு அது.

என் கவலையெல்லாம் அடித்தட்டை, அதாவது அடியில் இருக்கும் டோர்ட்டியாவைப் பற்றியது. கோதுமைச் சப்பாத்தியைப் பொரித்துப் பெயர் வைப்பவர்களைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை? மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைப்பதுதான் அந்நாட்டுச் சமையலின் அடிப்படை. அதனால்தான் மாவு ஒட்டிக்கொள்கிறது, அந்தத் தனி மணம் வருகிறது, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமினும் உடலில் சேர்கிறது. தானியத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில், மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழை உழவர்களை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் 18ஆம் நூற்றாண்டில் வாட்டியது.

மருதநிலம்:
செம்முல்லை சொல்வதை என் சமையலறை கற்றுக்கொடுத்தது. கடையில் வாங்கிய சாதாரண மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டியபோது விளிம்பெல்லாம் வெடித்துக் கல்லிலேயே உதிர்ந்துவிட்டது. அடுத்த முறை, இனிப்புச் சோளமல்லாத காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோவுக்கு, வெற்றிலைக்குப் போடும் கலப்பில்லாத சுண்ணாம்பில் ஏறத்தாழ 10 கிராம் எடுத்துக் கரைத்து வேகவைத்தேன். மஞ்சள் நிறம் ஏறித் தோல் வழுவழுவென்று கழன்றது. நன்றாகக் கழுவி, நீர் அதிகம் விடாமல் ஆட்டுக்கல்லில் கெட்டியாக அரைத்த மாவு களிமண்போல் வளைந்து கொடுத்தது. தட்டிச் சுட்ட டோர்ட்டியாக்களைச் சில மணி நேரம் காற்றில் உலரவிட்டுப் பொரிக்க வேண்டும். எண்ணெயின் சலசலப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள், அப்போதே எடுத்துவிட வேண்டும்.

நெய்தல்:
அடித்தட்டு குறித்து எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மசியலின் கனத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வீர்கள்? எண்ணெயில் வதக்கியது நாவில் மெலிந்துதான் நிற்கிறது.

செம்முல்லை:
மெலிவதற்குக் காரணம் பீன்ஸ் வெந்த நீரைக் கொட்டிவிடுவது. வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வறுத்து, பீன்ஸைப் போட்டு மசித்து, அந்த நீரையே கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக் கரண்டி போன தடம் மூடாத பதம் வரும்வரை கிளறுங்கள். மசியலைக் கனமாகத் தடவினால், மேலே ஊற்றும் சல்சா என்னும் தக்காளி மிளகாய்ச் சட்னியின் நீர் தட்டில் இறங்கி அதை நமுத்துப்போகவிடாமலும் காக்கும். ராஜ்மா எடுத்தால் ஊறிய நீரை மட்டும் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காடு வயிற்றுக்குக் கேடு.

நெய்தல்:
செய்து பார்க்கிறேன். பெயரைப் பற்றிய என் கருத்து இன்னும் மாறவில்லை. சுவைத்த பிறகு இங்கேயே எழுதுகிறேன்.