தெற்குப் பிரான்சின் இடைக்கால ஊர்களில் பல குடும்பங்களின் கோடைப் பயணம்: அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

பல குடும்பங்கள் சேர்ந்து தெற்குப் பிரான்சுக்குப் புறப்படும்போது, பார்க்க வேண்டிய ஊர்களின் பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். உடன் வருபவர்களில் மிக மூத்தவரால் சரிவான கல் தெருவில் எவ்வளவு தூரம் ஏற முடியும், மிகச் சிறிய குழந்தை எத்தனை மணிக்கு உறங்கும் என்ற இரண்டையும் அதற்கு முன்பாகவே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்குள்ள பழைய ஊர்கள் பலவும் பகைவருக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே குன்றின் உச்சியில் கட்டப்பட்டவை. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான கதார் சமயத்தாருக்கு எதிராக 1209இல் தொடங்கிய சிலுவைப் போர் அந்த நிலப்பகுதியையே நிலைகுலையச் செய்த பிறகு, துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் 1222இல் நிறுவிய கோர்த் சூர் சியேல் அப்படிப்பட்ட ஊர்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு காவலுக்காகத் தேர்ந்தெடுத்த அந்த ஏற்றத்தை, இன்று ஜூலை மாத வெயிலில் நம் வீட்டுப் பெரியவர்கள் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் நான்கு குடும்பங்கள் இருந்தன. பாரிஸ் புறநகரில் வசிக்கும் நாங்கள், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் மாமியார், லண்டனிலிருந்து அக்கா குடும்பம், என் கணவரின் நண்பர்கள் இருவரின் குடும்பங்கள் என்று எல்லா வயதினரும் இருந்தோம். தினம் ஓர் ஊரில் தங்கிப் பெட்டிகளைக் கட்டிப் பிரிப்பது இத்தகைய குழுவுக்கு ஒத்துவராது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, கயாக் ஊரின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அல்பி, கோர்த், சேன் அந்தோனேன், நஜாக் ஆகிய நான்குமே அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. கார்க்கசோனையும் அவிஞோனையும் இதே பயணத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். எனினும் பார்க்கும் ஊர்கள் குறைந்தால்தான் ஒவ்வோர் ஊரிலும் அமர்ந்து பேசுவதற்கு நேரம் கிடைக்கும் என்பதை அக்கா எடுத்துச் சொன்ன பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

'ஜீத்' என்று அழைக்கப்படும் நாட்டுப்புற வாடகை வீடுகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில்தான் கிடைக்கும். பதினைந்து பேருக்கு மேல் தங்கக்கூடிய வீடுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், பொங்கல் முடிந்தவுடன் தேடத் தொடங்குவது நல்லது. எல்லோரும் சனிக்கிழமையன்றே வீடு மாறுவதால் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகள் அன்று திணறும். 'பிசோன் ஃபுதே' என்ற அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பு ஒவ்வொரு நாளுக்கும் நெரிசல் கூடக்கூடப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறிக்கிறது. ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் வரும் சனிக்கிழமைகளே வழக்கமாகக் கறுப்பு நிறம் பெறுகின்றன. நாங்கள் வெள்ளிக்கிழமையே அதிவேக ரயிலில் துலூஸ் வந்து ஓரிரவு தங்கி, மறுநாள் காலை ஒன்பது இருக்கைகள் கொண்ட இரண்டு வேன்களை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் வரை அமரக்கூடிய வண்டியைச் சாதாரண கார் உரிமம் இருந்தாலே ஓட்டலாம்.

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் அதன் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தரைமட்டத்தில் அமைந்த தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, கூரை ஆகியவற்றுள் ஒன்று இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சிறு குழந்தைகள் உள்ள குழுவினர் வேலியுள்ள வீட்டையே தேட வேண்டும். அலாரம் அடிக்கும்போது குழந்தை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கும்.

நாள் முழுவதையும் நாங்கள் வெயிலை வைத்தே வகுத்தோம். காலை எட்டரைக்குள் கிளம்பி, பதினொன்றரை வரை ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பகலில் வீட்டுக்குத் திரும்பி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி வெளியே போனோம். கோடையில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் நாட்டில் இந்த முறையால் எதையும் இழக்க நேரவில்லை. கோர்த்தில் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, பெரியவர்களையும் குழந்தைகளையும் மேலே ஏற்றிச் செல்லும் சிறிய சுற்றுலா வண்டியில் அனுப்பினோம். உச்சியிலிருந்து கீழே இறங்கி நடப்பதும் உருளைக் கற்கள் பாவிய தெருவில் முழங்காலுக்கு எளிதான செயலன்று. வழியில் என் மாமனார் ஒரு வீட்டுப் படியருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து வயதான அம்மையார் ஒருவர் எதுவும் கேட்காமலே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தண்ணீரும் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. என் மகள் இடையில் நின்று மொழிபெயர்க்க, மாமனார் அந்த வீட்டின் கூர்வளைவு ஜன்னல்களைப் பற்றிக் கேட்டார். தோலும் துணியும் விற்றுச் செல்வம் சேர்த்த வணிகர்கள் அந்தத் தெருவில் வீடுகட்டிய கதையை அம்மையார் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் தேடிப் பதிவு செய்த எந்த வழிகாட்டியும் அவ்வளவு அன்போடு சொல்லியிருக்க மாட்டார்.

அல்பிக்கு மட்டும் இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். 1282இல் கட்டத் தொடங்கிய புனித செசிலியா பேராலயம் முழுக்கச் செங்கல்லால் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் கோவில் என்பதைவிடக் கோட்டை என்றே தோன்றும். கதார் எதிர்ப்புப் போருக்குப் பின் திருச்சபையின் அதிகாரம் மீண்டும் நிலைபெற்றதை மக்களுக்கு உணர்த்தவே அத்தகைய சுவர்கள் எழுப்பப்பட்டன. கடும் வெயிலில் வந்து நுழைபவருக்கு அந்தத் தடித்த சுவர்கள் தரும் குளிர்ச்சி பெரிய ஆறுதல். மேற்குச் சுவரில் பதினைந்தாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், கல்லறையிலிருந்து எழுந்து வரும் மனிதர்கள் தம் வாழ்நாள் செயல்கள் எழுதப்பட்ட புத்தகத்தை மார்பில் விரித்தபடி நிற்கிறார்கள். என் மாமியார் அதைக் கண்டவுடன், சித்திரகுப்தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருப்பான், இங்கே அவரவர் ஏட்டை அவரவரே சுமந்து வருகிறார்களே என்று வியந்தார். அதற்குள் பிள்ளைகள் நரகத்தின் கட்டங்களை எண்ணி முடித்து, கிறிஸ்தவம் சொல்லும் ஏழு பெரும்பாவங்களுக்கு ஆறு தண்டனைகள்தானே இருக்கின்றன என்று கேட்டார்கள். பின்னாளில் ஒரு சிற்றாலயத்துக்கு வழி திறப்பதற்காகச் சுவரின் நடுப்பகுதியை இடித்தபோது, தீர்ப்பு வழங்கும் கிறிஸ்துவின் உருவத்தோடு சோம்பலுக்கான கட்டமும் அழிந்துபோனது என்று அங்கிருந்த பணியாளர் ஒருவர் விளக்கினார். தாமே எண்ணிக் கண்டுபிடித்த செய்தி என்பதால் பிள்ளைகள் வீடு திரும்பும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துச் சமையல் வாத்தையும் பன்றி இறைச்சியையும் நம்பியது. உணவகங்கள் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பை எரிய வைத்திருக்கும். பெரிய குழுவாகச் செல்பவர்கள் முன்பதிவு செய்து, சைவ உணவு எத்தனை பேருக்கு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கையும் இளம் பாலாடைக்கட்டியையும் சேர்த்து இழுபடும் பதத்தில் கிளறும் அலிகோ எங்கள் சைவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மற்றபடி பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் வாங்கிக் கொண்டுவந்த பருப்பு, புளி, கறிவேப்பிலையைக் கொண்டு இரவுச் சமையலை வீட்டிலேயே முறைவைத்துச் செய்தோம். காய்கறியும் பழமும் ஞாயிற்றுக்கிழமை காலை சேன் அந்தோனேனில் கூடும் சந்தையில் கிடைத்தன. அங்கே முலாம்பழம் விற்ற விவசாயி, பழத்தைக் கையில் எடுக்கும் முன்பாகவே, இன்று பகலுக்கா, இரவுக்கா, நாளைக்கா என்று கேட்டு, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து அதற்கேற்பத் தேர்ந்து கொடுத்தார்.

செலவைப் பொறுத்தவரை, வீட்டு வாடகையை ஆள் கணக்கில் பிரிக்காமல் அறைக் கணக்கில் பிரித்தோம். சந்தை, எரிபொருள், சுங்கம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணம் ஒன்றை முதல் நாளே ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

இரண்டாம் பகிர்வு

சகோதரி எழுதியிருப்பதில் ஒன்றே ஒன்றில் நான் மாறுபடுகிறேன். பெரியவர்கள் திருத்தலங்களைக் காண விரும்புபவர்களாக இருந்தால், ஒரே வீட்டில் தங்குவதைவிட இரண்டு இடங்களாகப் பிரித்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். என் பெற்றோரும் சித்தப்பா குடும்பமும் நாங்களுமாக ரோக்கமதூர், கோங்க் ஆகிய இரண்டையும் மையமாகக் கொண்டு சென்றோம்.

ரோக்கமதூர் செங்குத்தான பாறையின் மேல் மூன்று அடுக்குகளாக அமைந்த ஊர். கீழே தெரு, நடுவில் கறுப்பு மாதாவின் ஆலயம், உச்சியில் கோட்டை. முற்காலத்தில் யாத்திரிகர்கள் முழந்தாளிட்டு ஏறிய 216 படிகள் தெருவிலிருந்து ஆலயத்துக்குச் செல்கின்றன. படி ஏற முடியாதவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் சென்று பழகிய என் அம்மா, மின்தூக்கி வேண்டாம் என்று மறுத்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். சிற்றாலயத்தின் இருளில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறிய மரச்சிலையின் முன் அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். எங்கள் அன்றைய திட்டத்தில் மீதமிருந்த அனைத்தையும் நாங்கள் மகிழ்ச்சியோடு கைவிட்டோம்.

கோங்க், லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ வரை செல்லும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது. ஆலய வாசலுக்கு மேலே 124 உருவங்களோடு செதுக்கப்பட்ட தீர்ப்புக் காட்சியைக் கோடை இரவுகளில் மடத்துத் துறவி ஒருவர் படியில் நின்றபடி விளக்குகிறார். புனித ஃபுவாவின் திருப்பண்டத்தை (வணங்கப்படும் உடல் எச்சத்தை) ஒன்பதாம் நூற்றாண்டில் அழேனிலிருந்து ஒரு துறவி திருடி வந்ததால்தான் இந்த ஊருக்கு யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள் என்பதைக் கேட்டதும், துறவிகூடத் திருடுவாரா என்று தம்பி மகன் உரக்கக் கேட்டுவிட்டான். பக்கத்தில் அமர்ந்திருந்த யாத்திரிகத் தம்பதி அதை ரசித்து எங்களோடு பேச்சைத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஆண்டுக்குச் சில வாரங்கள் என்று பகுதி பகுதியாக அந்தப் பாதையை நடந்து முடிக்க எண்ணியிருப்பவர்கள் அவர்கள். மறுநாள் காலை எங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு தூர்து ஆற்றின் பழைய கல்பாலம் வரை நடந்தார்கள். இத்தகைய சந்திப்புக்கு அந்த ஊரில் இரவு தங்குவது அவசியம். பகல் நேரத்தில் பேருந்தில் வந்து போகிறவர்களுக்குத் துறவியின் பேச்சும் கிடைக்காது, ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்த 104 ஜன்னல்களில் மாலை ஒளி நிறம் மாறுவதும் தெரியாது.

மூன்றாம் பகிர்வு

பதின்பருவப் பிள்ளைகள் அதிகமுள்ள குழுவுக்குக் கார்க்கசோனை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டை நகருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கோமகனின் அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும் மட்டுமே சீட்டு வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதுவும் இலவசம். இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் இன்று நாம் காணும் வடிவில் நிற்பதற்கு 1853இல் கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் தொடங்கிய புனரமைப்பே காரணம். கோபுரங்களின் கூம்புக் கூரைகள் தெற்குப் பகுதிக்குரியவை அல்ல என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. எங்கள் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து, சிதைந்ததைச் சிதைந்தபடி விடுவதா, கட்டி எழுப்புவதா என்று இரவு உணவு முடியும்வரை வாதிட்டார்கள்.

ஜூலை 14 இரவு மதில்கள் தீப்பிடித்தது போலத் தோன்றும்படி நடக்கும் வாணவேடிக்கைக்குப் பெருங்கூட்டம் வரும். கைக்குழந்தையோடு செல்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்குமேல் பகல் கூட்டம் கலைந்த பிறகு, இரு மதில்களுக்கும் இடைப்பட்ட அகன்ற வெளியில் குடும்பமாக நடக்கலாம். அதற்காகவே ஓரிரவு உள்ளே தங்க விரும்பினால் அறையைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். நார்போன் வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் கல் தெருவில் நடந்துதான் செல்ல வேண்டியிருக்கும். ஆகவே பெரிய பெட்டிகளை வண்டியிலேயே பூட்டி வைத்து, ஓரிரவுக்கு வேண்டிய உடைகளையும் பெரியவர்களின் மருந்துகளையும் மட்டும் தோள்பையில் எடுத்துச் செல்லுங்கள்.