மரபு வில்லுக்கு மர அம்பு: தேக்குத் தண்டு இடப்புறம் விலகுகிறது, ஒன்று பிளந்தும் விட்டது

கேள்வி: அரூர் வாசகர்

வணக்கம். நான் வலக்கையால் நாண் இழுப்பவன். என்னிடம் உள்ள மரபு வில் 28 அங்குல இழுவையில் 40 பவுண்டு என்று குறிக்கப்பட்டது. அதன் கைப்பிடியில் அம்பு உட்கார வெட்டு எதுவும் இல்லாததால், அம்பை என் கை முட்டியின் மேல் வைத்தே எய்கிறேன். எனது இழுவையோ 26 அங்குலம்தான். உள்ளூர்க் கடைசல் பட்டறை ஒன்றில் 9 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேக்குக் குச்சிகள் கடையச் சொல்லி, அவற்றை 28 அங்குலத்துக்கு அறுத்து, இறகு ஒட்டி, 8 கிராம் எடையுள்ள முனை பொருத்தியிருக்கிறேன். 15 மீட்டர் தொலைவில் எய்யும்போது அம்புகள் தொடர்ந்து குறிக்கு இடப்புறமாகவே விழுகின்றன. போதாக்குறைக்கு, நாணை விட்ட கணத்திலேயே ஓர் அம்பு நீளவாக்கில் பிளந்தது.

வெளிநாட்டுக் காணொளிகளில் போர்ட் ஆர்ஃபோர்டு சீடார் என்ற மரத்தையே எல்லோரும் புகழ்கிறார்கள். அது இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. நம் பகுதி நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, அம்புக்கு ஏற்ற மரம் உள்ளூரிலேயே ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? சவுக்கு, சில்வர் ஓக், மூங்கில் ஆகியவற்றுள் எதற்கு மாறலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: ஓசூர் தச்சர்

ஐயா, மரத்தின் பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தண்டு எவ்வளவு வளைகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனை தன் எடையால் சற்றுத் தயங்குவதால், தண்டு இடையில் வளைகிறது. அந்த வளைவோடுதான் அது வில்லின் கைப்பிடியைச் சுற்றிக் கடந்து, பிறகு நிமிர்ந்து நேராகப் போகிறது. வெட்டு இல்லாத கைப்பிடியில் அம்பு நடுக்கோட்டிலிருந்து விலகியே உட்கார்ந்திருப்பதால், அங்கே இந்த வளைவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தண்டு வேண்டியதைவிட விறைப்பாக இருந்தால், வலக்கைக்காரருக்கு அம்பு இடப்புறம் போகும்.

அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகளை ஒரே மட்டத்தில் அடித்து, தண்டை அவற்றின் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு (907 கிராம்) எடையைத் தொங்க விடுங்கள். தண்டு எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று பார்த்து, 660-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பளவு, கிடைக்கும். 22 மில்லிமீட்டர் தாழ்ந்தால் அது 30 பவுண்டுத் தண்டு. 13 மில்லிமீட்டர் மட்டுமே தாழ்ந்தால் ஏறக்குறைய 50 பவுண்டுத் தண்டு.

உங்கள் வில்லையும் 40 பவுண்டு என்று கணக்கிடாதீர்கள். இழுவை ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும் என்பதால், உங்கள் கையில் அது 35 பவுண்டு வில்தான். வெட்டு இல்லாத கைப்பிடிக்கு அதிலும் சற்றுக் குறைவான ஸ்பைன், அதாவது 30 முதல் 35 வரை, தொடங்குவதற்குப் பொருத்தமாக இருக்கும்.

பிளந்த அம்பைப் பொறுத்தவரை, அதன் நார் ஓட்டத்தைப் பாருங்கள். பலகையிலிருந்து அறுத்துக் கடைசல் பிடிக்கும்போது, நார் தண்டின் நீளத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று பட்டறையில் யாரும் கவனிப்பதில்லை; நாற்காலிக் கால் கடைபவருக்கு அது தேவையும் இல்லை. நார் பக்கவாட்டில் சரிந்து தண்டைவிட்டு வெளியேறும் இடத்தில்தான் அம்பு பிளக்கும். ஆகையால் தண்டாக வாங்காமல், சட்டமாக வாங்கி, கத்தியால் நார் வழியே பிளந்து பார்த்து, பிளவு நேராக ஓடுகிற துண்டுகளை மட்டும் இழைப்புளியால் உருட்டிக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வரும் பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். முடிச்சில்லாத சட்டங்களைப் பொறுக்கி எடுக்கப் பொறுமை வேண்டும். ஆனால் அம்புக்கு அது மிக நல்ல மரம். சீடாருக்குப் புகழ் வந்ததும் அது இலேசாகவும் நேரான நாரோடும் இருப்பதால்தான். சவுக்கு தேவைக்கு மேல் கனம். சில்வர் ஓக்கில் நான் அம்பு செய்து பார்த்ததில்லை.

பதில்: கிருஷ்ணகிரி வாசகர்

நடுகல்லில் வில்லும் அம்பும் தெரியும். தண்டு எந்த மரம் என்பதைக் கல் சொல்லாது. ஆனாலும் மூங்கிலைப் பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன். பூட்டானிலும் ஜப்பானிலும் மரபு அம்புகள் மூங்கிலில்தான் செய்யப்படுகின்றன. மரத்தைவிட அது எளிதில் முறியாது, வளைந்தாலும் விரைவாக நிமிர்ந்துவிடும். மெல்லிய கழி கிடைக்காவிட்டால், சுவர் தடித்த கல் மூங்கிலைப் பிளந்து, வெளித்தோலை ஒட்டிய நார் மிகுந்த பகுதியைத் தக்கவைத்துக்கொண்டு உருட்டலாம். முற்றாத மூங்கில் வேண்டாம். நிழலில் சில மாதங்கள் காயவிட்ட பிறகு, தணலின் மேல் காட்டிக் கணுக்களில் உள்ள வளைவை நிமிர்த்துங்கள். பச்சையாக நிமிர்த்தியது மறுபடியும் வளையும். கணு இடைவெளி ஒவ்வொன்றிலும் மாறுவதால், ஒரே ஸ்பைன் உள்ள ஆறு தண்டுகளைப் பொறுக்க அதைப்போல மூன்று மடங்காவது செய்ய வேண்டியிருக்கும். மூங்கிலைக் கடையில் வாங்குங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றம்.

அரூர் வாசகர்

இருவருக்கும் நன்றி. ஆணி அடித்து அளந்ததில், தேக்குத் தண்டுகள் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர்தான் தாழ்கின்றன. அப்படியானால் ஸ்பைன் 47 வருகிறது. பிளந்த அம்பில் நார் சரிந்து ஓடியிருப்பதும் தெளிவாகத் தெரிகிறது. நேரான நார் உள்ள மற்றவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா, அல்லது கனமான முனை போட்டுச் சரிக்கட்டலாமா?

பதில்: ஓசூர் தச்சர்

முனையின் எடையைக் கூட்டினால் தண்டு சற்று அதிகமாக வளையும் என்பது உண்மைதான். ஆனால் 12 பவுண்டு வித்தியாசத்தை முனையால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. உப்புத்தாளால் தேயுங்கள். உருண்டைத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், 9 மில்லிமீட்டரை 8.3-க்குக் கொண்டுவந்தாலே 47 என்பது சுமார் 34 ஆகிவிடும். எடையோ ஏழில் ஒரு பங்கு அளவுதான் குறையும். கொஞ்சம் தேய்ப்பதும், ஆணியில் வைத்து அளப்பதும், மறுபடியும் தேய்ப்பதுமாகப் போங்கள். அவசரப்பட்டுத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. முடிந்த அம்பின் எடை 23 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். மிக இலேசான அம்பு வில்லையே உடைக்கக்கூடும்.

நாண் பொருந்தும் குதையை வெட்டும்போது, தண்டின் அந்த நுனியின் வெட்டுமுகத்தில் தெரியும் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்டுங்கள். கோடுகளோடு ஒட்டி வெட்டினால் நாணே அம்பைப் பிளந்துவிடும். தண்டின் மேற்பக்கத்தில் நார் கூம்பு வடிவில் முடியும் இடங்கள் முனையை நோக்கியிருக்கட்டும். எப்போதாவது முறிந்தாலும் சிராய் உங்கள் கைக்குள் பாயாமல் மேலே விலகும். இனி ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் தண்டை இரு கைகளாலும் இலேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சிறிய விரிசல் சத்தம் கேட்டாலும் அந்த அம்பை ஒடித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தேய்த்த பிறகும் இடப்புறம் போனால், இறகு வில்லில் உரசுகிறதா என்றும், நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மிதமிஞ்சி வளையும் அம்பும் வில்லில் அடித்து இடப்புறம் தெறிப்பதுண்டு என்பதால், அளவு பாராமல் மேலும் மேலும் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது.