ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசை) பிறந்த ஸ்டுடியோக்கள்: நேர்ல போனவங்க சொல்லுங்க

மெம்பிஸ் ரயில்:
மெம்பிஸ்ல இருக்கிற சன் ஸ்டுடியோவுக்குப் பாடகர் எல்விஸைத் தேடித்தான் கூட்டம் வருது. நான் போனது 'ராக்கெட் 88' பாட்டுக்காக. 1951-ல அதைப் பதிவு பண்ண ஐக் டர்னரோட இசைக்குழு மிசிசிப்பியில இருந்து கார்ல வந்தப்போ, வழியில ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு. ஸ்டுடியோ முதலாளி சாம் பிலிப்ஸ் அதுக்குள்ள காகிதத்தைத் திணிச்சு, கிட்டாரோட அந்தக் கரகரப்போடயே பதிவு பண்ணிட்டார். ஆர் அண்ட் பி பட்டியல்ல முதலிடம்! பதிவான அறையிலேயே நின்னு கேட்டா, அந்தக் கரகரப்புதான் முதல்ல காதுல விழுது.

அதே ஊர்ல ஸ்டாக்ஸ்ங்கிற ரெக்கார்ட் கம்பெனியோட மியூசியம். நுழைஞ்சதுமே மிசிசிப்பி கிராமத்துல இருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஒரு மரத் தேவாலயம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ப்ளூஸ் தாளத்தோட தேவாலயப் பாட்டு கலந்துதான் சோல்ங்கிற இசை வந்துச்சுன்னு எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. அந்த பெஞ்சுகளைப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சது. ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ முன்னாடி சினிமா தியேட்டர். சரிவான தரையைச் சமப்படுத்தாம அப்படியே விட்டுட்டாங்க. பழைய கட்டடத்தை 1989-ல இடிச்சுட்டாங்க, பாவிங்க. இப்ப இருக்கிறது அதே இடத்துல திரும்பக் கட்டினது, சரிவு உட்பட.

வினைல் பைத்தியம்:
அண்ணே, டெட்ராய்ட்டை விட்டுட்டீங்களே! அங்க இருக்கிற மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனியோட ஸ்டுடியோ ஒரு சாதாரண வீடு. பெரி கோர்டி 1959-ல குடும்பத்துக்கிட்ட 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சது. எதிரொலிக்குப் பரண்தான். கூரையில இருக்கிற ஓட்டைக்குக் கீழ நின்னு கைதட்டச் சொன்னாங்க. தட்டினா, சத்தம் மேல போய்ச் சுத்திட்டு வருது. பழைய மோட்டவுன் பாட்டுல குரலைச் சுத்தி வர்ற எதிரொலி இதுதான்.

மெம்பிஸ் ரயில்:
தம்பி, டெட்ராய்ட் நான் போனதில்ல. ஆனா மோட்டவுன் எனக்கு ரொம்பவே இஸ்திரி போட்ட சங்கதி. ஸ்டாக்ஸ்ல வேர்வை தெரியும்.

வினைல் பைத்தியம்:
மோட்டவுன் பாடகர் மார்வின் கேயைக் கேட்டுட்டு வந்து பேசுங்க 😄

தெருமுனை டிரம்ஸ்:
சண்டை வேண்டாம், ரெண்டுக்கும் மூத்தது நியூ ஆர்லியன்ஸ். ராம்பார்ட் தெருவுல கோசிமோ மட்டாசா ஒரு கடையோட பின்கட்டுல ஸ்டுடியோ வச்சிருந்தார். பியானோ வாசிச்சுப் பாடுற ஃபேட்ஸ் டோமினோ 1949 டிசம்பர்ல முதன்முதலா பாடிப் பதிஞ்சது அங்கதான். அதே வருஷம்தான் பில்போர்டு இசைப் பத்திரிகை, கறுப்பின இசைப் பட்டியலுக்கு வச்சிருந்த 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'ங்கிற தலைப்பைத் தூக்கிட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ்னு போட்டது. அங்க வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் வச்ச பேர். நான் போனப்போ கோசிமோவோட ஸ்டுடியோ இருந்த இடத்துல துணி துவைக்கிற கடை. சுவர்ல பழைய படங்கள் மாட்டியிருந்தாங்க. மெஷின் ஓடுற சத்தத்துல எதையும் ரசிக்க முடியல, ஆனா டிக்கெட் கிடையாது.