34 நாள் மாதவிடாய்ச் சுற்றுக்கு 14-ஆம் நாள் கணக்கு சரியா? அவர் கடலுக்குப் போகும் நாள் குறுக்கே வருகிறது

பாம்பன்காரி:
கல்யாணமாகி ஒன்றரை வருடம், எனக்கு வயது 27. அவர் விசைப்படகில் போகிறவர், வாரத்தில் மூன்று இரவு கடலில்தான். தீட்டு வந்ததிலிருந்து 14-ஆம் நாள் கருமுட்டை வரும் என்று கூடப்படித்தவள் சொன்னாள், அதனால் 13, 14, 15 மட்டும் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பேன். பாதி மாதம் அந்த 14-ஆம் நாள் பார்த்து அவர் கடலில் இருப்பார், சரி இந்த மாதமும் போச்சு என்று அழுதுவிட்டு அதோடு விட்டுவிடுவோம். மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாளும் வீட்டில்தான் இருந்தார், அப்படியும் கரு நிற்கவில்லை. குழாயடிக்குப் போனாலே "விசேஷம் எதுவும் இல்லையா" என்கிறார்கள். எனக்குக் கடைசி மூன்று மாதமும் 33, 36, 34 நாளில் வந்தது. என்ன தப்பு செய்கிறேன்?

தொண்டி நர்ஸ் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த வட்டத்தை அழி. 14-ஆம் நாள் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு. முட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் அடுத்த தீட்டு வரும், அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். உன் கணக்குக்கு அது 19-இலிருந்து 22-ஆம் நாளுக்குள் விழும். நீங்கள் 15-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டால் எப்படி? தடைக்காலத்திலும் இதேதான் நடந்திருக்கும், அதுவும் 61 நாளில் உனக்கு இரண்டு சுற்றுகூட முழுதாக வராது.

இன்னொன்று, முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும், ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டை வரும் அன்றைக்கே அவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்தான் ரொம்ப நல்ல நாள். 14-இலிருந்து 22 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள், அவர் கரையில் இருக்கும் நாளே போதும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கு. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இருவரும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், உனக்கு தைராய்டும் ஒரு ஸ்கேனும் அவசியம். 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போகச் சொல்லியிருப்பேன்.

கீழக்கரை மருமகள்:
அக்கா சொன்னதோடு வெள்ளைப்படுவதையும் கவனிங்க. எனக்கு மற்ற நாளில் பசை மாதிரி இருக்கும், அந்த நாட்களில் மட்டும் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழவென்று, இரண்டு விரலால் இழுத்தால் அறுபடாமல் நீளும். அரிப்பு, நாற்றம் எதுவும் கிடையாது. இதை நோய் என்று நினைத்து ஆறு மாதம் கஷாயம் குடித்தேன், யாராவது முன்பே சொல்லியிருந்தால்! முட்டை வரும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் கிட் மருந்துக்கடையில் கிடைக்கிறது, அதில் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக வந்தால் ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வரும் என்று அர்த்தம். ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் அது தப்பாகவும் காட்டும், அதையே நம்பி இருக்காதீங்க.

மண்டபம் கரைக்காரன்:
ஆம்பளை எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே தங்கச்சி. எங்கள் வீட்டில் மூன்று வருடம் என் மனைவியை மட்டும் டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு அலைந்தோம், குறை என்னிடம் இருந்தது. அவரை முதலில் விந்துப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், ஊசி கிடையாது, வலி கிடையாது, வெட்கம்தான். எனக்கு எண்ணிக்கை குறைவு என்று வந்தது. பீடியை விட்டேன், டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டேன். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகுமாம், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கூடியிருந்தது. இப்போது மகளுக்கு நாலு வயது. அவர் தயங்கினால் இதைப் படித்துக் காட்டு.

பாம்பன்காரி:
நர்ஸ் அக்கா, படித்ததும் ஓடிப்போய்க் காலண்டரைத்தான் பார்த்தேன், நாங்கள் நிறுத்துகிற இடத்தில்தான் எனக்குத் தொடங்கவே வேண்டும். அண்ணன் எழுதியதை அவரிடம் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, ரொம்ப நேரம் கழித்து "புதன்கிழமை தொழிலுக்குப் போகல, ராமநாதபுரம் போவோம்" என்றார். இன்று எனக்குப் பதினாறாவது நாள். படகு நாளைக்குத்தான்.